சாவடிப் பெட்டியும் கருத்தம்மாளும்

பரளச்சி கிராமத்துக் கருத்தம்மாளின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டவர் படித்தவர், நல்லவர், யாரையும் கைநீட்டி அடித்தறியாதவர். நல்லவர்கள் செய்கிற கொடுமைக்குப் பஞ்சாயத்தும் கிடையாது, தண்டனையும் கிடையாது.

அவள் புருஷன் இருளப்பசாமி ரங்கூன் அரிசி ஆலைக்குப் போனவன். ஜப்பான்காரன் அங்கே குண்டு போட்ட பிறகு அவனைப் பற்றித் தகவலே இல்லை. சண்டை ஓய்ந்து நாற்பத்தாறு பிறந்ததும், இனி வரமாட்டான் என்று ஊர் முடிவு கட்டியது. அவர்கள் சாதியில் அறுத்துக்கட்டுவது வழக்கம். பழைய தாலியைப் புருஷன் வீட்டில் ஒப்படைத்துவிட்டால் இன்னொருவரைக் கட்டிக்கொள்ளலாம். மாமியார் பொன்னுத்தாய் மூக்கைச் சிந்திக்கொண்டே தாலியை வாங்கி அடுக்குப்பானையில் போட்டாள்.

கட்டிக்கொள்ள இருந்தவர் முத்துராமலிங்கம், பெண்டாட்டியைப் பறிகொடுத்தவர். கருத்தம்மாளுக்கு அவரைப் பிடித்திருந்தது. கொஞ்சநஞ்சமல்ல, பருத்தி எடுக்கும்போது பக்கத்துப் புஞ்சையில் அவர் குரல் கேட்டால் அவளுக்கு வேலை ஓடாது. இருளப்பசாமி பேச்சுக்கு முன்னால் கையை ஓங்குகிறவன். இவரோ அவள் பேசி முடிக்கிறவரை வாயைத் திறக்காமல் கேட்பார். வைகாசியில் கல்யாணம் என்று நாள் குறித்தாயிற்று.

அந்தப் பங்குனியில்தான் கருணாகரன் வந்து சேர்ந்தார். அருப்புக்கோட்டை நெசவுக்கார வீட்டுப் பிள்ளை, மதராஸில் பெரிய படிப்பு. ரேடியோவும் பத்திரிகையும் சனங்களின் மனதை என்ன செய்கின்றன என்று ஆராய்ச்சி. ஒரே செய்தியை ஆள் சொன்னால் எத்தனை பேர் நம்புகிறார்கள், ரேடியோப் பெட்டி சொன்னால் எத்தனை பேர் நம்புகிறார்கள் என்று அவருக்குத் தெரிய வேண்டுமாம். அதற்கு யாரும் கேட்டிராத செய்தி வேண்டும். அவரே ஒன்றை உண்டாக்கினார்.

ஒரு சாயங்காலம் ஊர்ச் சாவடியிலிருந்த சர்க்கார் ரேடியோ, பாட்டு முடிந்ததும் சொன்னது: பர்மாவில் தொலைந்துபோன ராமநாதபுரம் ஜில்லாக்காரர்கள் பலர் ஒரு முகாமில் உயிரோடு இருக்கிறார்கள், கப்பல் கிடைத்ததும் வருவார்கள். பெயர் எதுவும் சொல்லவில்லை.

கருத்தம்மாளுக்குச் சந்தோஷம் வரவில்லை. மறுநாள் கருணாகரன் ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டு அவளிடமும் வந்தார்.

"எங்க வீட்டுக்காரவுக உசுரோட இருக்காகளாம்யா," என்றாள்.

"அவர் பேரைச் சொன்னாங்களா?"

"சொல்லாம? இருளப்பசாமின்னு சொல்லுச்சே!"

எழுதிக்கொண்டபோது அவர் முகத்தில் வந்த மலர்ச்சியை, தனக்காகச் சந்தோஷப்படுகிறார் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

அன்றைக்கே போய்த் தாலியைத் திரும்ப வாங்கிக் கட்டிக்கொண்டாள். முத்துராமலிங்கம் வந்து கேட்டார்.

"அந்தப் பொட்டிய நம்பியா என்னைய வேண்டாங்குற?"

"அவுக வந்து நின்னா நம்ம ரெண்டு பேரையும் வெட்டிப்புடுவாக. நீங்களாச்சும் நல்லாருங்க."

அவர் தீபாவளி வரை பொறுத்துப் பார்த்தார். தை மாதம் திருச்சுழிப் பக்கம் பெண்ணெடுத்தார். அந்தக் கல்யாணத்துக்கு மசால் அரைத்துக் கொடுத்தவள் கருத்தம்மாள்தான். கண் எரிந்ததற்கு மிளகாய் வத்தல்மேல் பழி போட்டாள்.

மாசியில் கருணாகரன் மறுபடி வந்தார். ஆராய்ச்சிக்குப் பட்டம் கிடைத்துவிட்டது. சோதனை முடிந்தால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்பது அவர் படிப்பின் தர்மமாம். தர்மத்துக்கு ஒரு வருஷம் தாமதம், அவ்வளவுதான். சாவடியில் ஆட்களைக் கூட்டி, அந்தச் செய்தி பொய், தான் கட்டிவிட்டது என்றார்.

யாரும் நம்பவில்லை. கருத்தம்மாளுக்குக் கோபமே வந்துவிட்டது.

"பொட்டி சொன்னதையே நீங்க இல்லேங்கிறீகளா? சர்க்காரு பொட்டிய்யா அது!"

அவர் அவளைச் சாவடியின் பின்னறைக்குக் கூட்டிப்போனார். ரேடியோவிலிருந்து அவர் மறுபடி இழுத்துவைத்திருந்த வயர் சுவர் ஓட்டை வழியாக வந்து மைக்கில் முடிந்தது. அந்த மைக்கில் வாயை வைத்து, பழைய செய்தியை எழுத்துப் பிசகாமல் சொன்னார். முன்பக்கம் பெட்டி அதையே முழங்கியது. அதே குரல், அதே இழுப்பு. பெயர் ஒன்றும் வரவில்லை என்பதும் இப்போதுதான் அவள் காதில் விழுந்தது.

கருணாகரனின் கை பழக்கதோஷத்தில் பேனாவை எடுத்தது.

"இப்ப எதை நம்புறீங்கம்மா?"

"எழுதிக்கோய்யா. தையில முத்துராமலிங்கத்துக்குக் கல்யாணம் ஆயிருச்சு. அத எந்தப் பொட்டியும் சொல்லல. நானே என் கண்ணால பாத்தேன்."

அவர் எழுதவில்லை. அவள் தாலியைக் கழற்றக் கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனாள். அந்த நேரம் பார்த்து முன்பக்கம் கூட்டத்தில் நின்ற மாமியார் பொன்னுத்தாய் குலவை போட்டாள். செய்தி மறுபடி வந்துவிட்டது என்று அவளுக்கு நினைப்பு.

"ஏத்தா கருத்தா! எம்மகன் வாரானாம், கேட்டியா?"

கருத்தம்மாளின் கை கீழே இறங்கியது.

"ஆமாத்தே, எனக்குங் கேட்டுச்சு," என்று சொல்லிக்கொண்டே வெளியே வந்தாள்.