கேள்வி கேட்காத மாமா

ஐம்பதுகளின் கடைசி. மல்லாட்டை, அதுதான் நிலக்கடலை, பிடுங்கி முடித்திருந்த சமயம், திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக்கு என்னைப் பெண் பார்க்க வந்தார்கள்.

அதற்கு முன் என் தாய்மாமாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பர்மா சண்டையில் வெள்ளைக்காரர்களின் ராணுவ உளவுப் பிரிவில் அதிகாரியாக இருந்தவர். திரும்பி வந்தபின் கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்களோடுதான் இருந்தார். அவர் யாரிடமும் எதையும் கேட்க மாட்டார். ‘எங்க போற?’, ‘சாப்ட்டியா?’ கூடக் கிடையாது. தாகமெடுத்தால் செம்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். “எங்கண்ணனோட ஒரே பேஜாரு” என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

மாப்பிள்ளைக்கு விழுப்புரத்தில் அரிசி மில்லில் வேலை. தனி அறை, ஓட்டல் சாப்பாடு என்று சொன்னான். அங்கிருந்து காலை ரயிலில் வந்திருந்தான். அவன் அக்கா செஞ்சியிலிருந்து பஸ்ஸில் வந்து சேர்ந்தாள். ஆள் லட்சணமாகத்தான் இருந்தான், பொய் சொல்வானேன். எனக்குப் பிடித்துவிட்டது. அப்பா நாள் பார்க்கவே கிளம்பிவிட்டார். நான் காபி தம்ளர்களோடு கதவோரம் நின்றிருந்தேன்.

அப்போது மூலையிலிருந்து ஒரு குரல்.

“சாப்ட்டீங்களா தம்பி?”

மாமா! எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. அத்தனை இதமான குரல். அவருடையது மாதிரியே இல்லை.

“ஆச்சுங்க.”

“காலையில இன்னா சாப்ட்டீங்க?”

“கேப்பைக் கூழுங்க.”

“ஓட்டல்ல கூழ் ஊத்துறாங்களா?”

பக்கத்து வீட்டில் கொடுத்தார்கள் என்றான். மாமா குரலை உயர்த்தவே இல்லை. யார் கரைத்தது, தொட்டுக்கொள்ள என்ன என்று அதையே முன்னும் பின்னுமாக மாற்றி, பெற்ற தாய் விசாரிப்பது போலக் கேட்டுக்கொண்டே இருந்தார். அவன் அக்கா எழுந்திருக்கப் பார்த்து, மறுபடி உட்கார்ந்துவிட்டாள். அவன் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. திடீரென்று விசும்பி அழ ஆரம்பித்தான்.

“எம் பொண்டாட்டிதாங்க ஊத்துனா... கொழந்த ஒண்ணு கீதுங்க.”

குழந்தையைப் பற்றி யாரும் கேட்கவேயில்லை.

அவர்கள் போனதும், என்னைக் காப்பாற்றிவிட்டார் என்று அப்பா மாமாவின் கையைப் பிடிக்கப் போனார். மாமா உதறிவிட்டுக் கிணற்றடிக்குப் போய், கட்டிய வேட்டியோடு வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொண்டார். நான் துண்டோடு ஓடினேன்.

“பர்மாவுல வெள்ளைக்காரனுக்கு எதிர்ப்பக்கம் சேர்ந்து சண்டை போட்டு மாட்டிக்கினு வருவானுங்க. அல்லாம் நம்ம தமிழ்ப் புள்ளைங்கம்மா. பட்டினியா கெடப்பானுங்க. நம்ம பாஷையில சாப்ட்டியான்னு கேட்டதுமே அழுதுடுவானுங்க. அல்லாத்தையும் சொல்லிடுவானுங்க.”

“அப்புறம் மாமா?”

“கூட்டிக்கினு பூடுவாங்க.”

துண்டை அவர் வாங்கவில்லை.

பிறகு நல்ல இடத்தில் எனக்குக் கல்யாணம் நடந்தது. பந்தியில் மாமா என் பக்கத்தில் வந்து, “சாப்புடும்மா” என்று மட்டும் சொன்னார். கேள்வியாகக் கேட்கவில்லை. சாகும்வரை அவர் யாரிடமும் மறுபடி எதையும் கேட்கவில்லை.

என் வாழ்க்கையைக் காப்பாற்றியது அந்த ஒரு கேள்விதான். ஆனாலும் இன்றைக்கும் யாராவது அன்பாக ‘சாப்ட்டியா?’ என்று கேட்டால், மாமாவுக்குப் பதில் சொன்ன அந்தப் பிள்ளைகளுக்கு அதற்கப்புறமாவது யாராவது ஒரு வாய் சோறு போட்டிருப்பார்களா என்றுதான் மனசு அடித்துக்கொள்கிறது.