உண்ணாவிரதத்தில் உப்பிய கன்னம்

பச்சைத் தேயிலை விலை விழுந்து, கட்டபெட்டில் எல்லோரும் இளைத்துக்கொண்டிருந்தபோது என் முகம் மட்டும் பூசணிக்காயாக உப்பியது. எனக்குக் குரோன் நோய். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சொந்தக் குடலைத் தாக்கிப் புண்ணாக்கிவிடும்; சொல்லாமல் கொள்ளாமல் வயிற்றுப்போக்கும் வரும். கோவை டாக்டர் கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரை புண்ணை ஓரளவு ஆற்றிவிட்டு, கன்னத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அதை மெல்லக் குறைத்துத்தான் வேறு மருந்துக்கு மாற்ற முடியும் என்றார்.

நியாயமான விலை கேட்டு விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தார்கள். பட்டினி கிடக்கக் கூடாத நானும் ஆதரவாக முன்வரிசையில் அமர்ந்தேன்.

சங்கத் தலைவர் குனிந்து, “ஏனுங்க, பேப்பர்காரங்க போட்டோ எடுக்கறாங்க. நீங்க கொஞ்சம் கடைசிக்குப் போயிருங்க” என்றார்.

நோயாளியை இப்படியா அவமதிப்பது என்று பொருமிக்கொண்டே போனேன். கடைசி வரிசையை ஒட்டித்தான் கழிப்பறை இருந்தது. சாயங்காலம்வரை அந்த இடத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.