பெயரைத் திருப்பிக் கொடுத்தவர்

ழாக் பெரோ இறந்துபோனார் என்று கனடாவிலிருந்து அவர் தங்கை எழுதிய கடிதம் போன வாரம் கோவை அலுவலகத்துக்கு வந்தது. அந்தப் பெயரைப் படித்ததும், ‘எந்த ழாக்?’ என்றுதான் என் மனம் முதலில் கேட்டது. அது ஏன் என்பதை, மலைமேல் மின் திட்டத்தில் அவரோடு வேலை செய்த உங்களுக்குச் சொல்ல வேண்டும். உங்களில் பலருக்கு அவர் நில அளவைப் பொறியாளர், ‘ஜாக்கு தொரை’, அவ்வளவுதான்.

பிரெஞ்சு பேசும் கனடாக்காரரான அவருக்கு, தம் முன்னோரைத் தேடுவதில் தீராத பித்து. தங்கை ஊர் மாதாகோயில் பதிவேடுகளை நகலெடுத்து அனுப்புவார். மதிய வேளையில் என் வரைபட மேசையில் அவற்றைப் பரப்பிவிடுவார் இவர். பிரான்சிலிருந்து கனடாவுக்குச் சிப்பாயாகப் போன முதல் பாட்டனாருக்குப் படையில் வைத்த பட்டப்பெயர் சான்சூசி. கவலையற்றவன் என்று பொருள். பேரன்மாரில் சிலர் பெரோ என்று எழுதினார்கள், சிலர் சான்சூசி என்று எழுதினார்கள். “ஒரே ரத்தம், இரண்டு பெயர். இது தெரியாமல் தேடினால் பாதிக் குடும்பம் காணாமல் போகும்” என்பார். எங்களுக்குக் குடும்பப்பெயர் கிடையாது, கூட்டம் என்கிற குலப்பெயர்தான், நான் காடை கூட்டம் என்றேன். “பறவையா!” என்று வியந்து எழுதிக்கொண்டார்.

ஒரு நாள் வந்த நகலை விரலால் வரி வரியாகத் தொட்டுப் படித்தார். தாளை என் பக்கம் திருப்பினார். அடக்கம் செய்யப்பட்டவர்களின் பட்டியல் அது. ஜோசப் ழாக் பெரோ. வயது மூன்று வாரம். கீழே அவருடைய அப்பா, அம்மா பெயர்கள். அவர் பிறப்பதற்கு முந்தைய ஆண்டு. ஜோசப் என்பது அங்கே ஆண் குழந்தைகள் எல்லோருக்கும் முன்னால் சேர்ப்பதாம்; இறந்த குழந்தையின் பெயரையே அடுத்த குழந்தைக்கு வைப்பதும் வழக்கமாம். அவர் வீட்டில் யாரும் இதைச் சொன்னதில்லை.

“இத்தனை வருஷம் யாருடைய பெயருக்குத் திரும்பிப் பார்த்தேன்?” என்றார்.

அந்த வாரம் மலையில் காலை பத்து மணிக்கும் மூடுபனி விலகவில்லை. அளவுச் சங்கிலியின் மறுமுனையில் அவர் நின்றிருந்தார். “ழாக் சார்!” என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. நடந்து போய்ப் பார்த்தால் முகம் வெளுத்து நிற்கிறார். “நீ கூப்பிட்டதும் வேறு யாரோ பதில் சொன்னார்கள். அதனால்தான் நான் சொல்லவில்லை” என்றார். எங்கள் இருவரைத் தவிர அங்கே ஆளில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவரைக் கிணத்துக்கடவில் எங்கள் வீட்டுக்கு அழைத்துப்போனேன். சாப்பாட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார். ஏன் என்று அம்மா கேட்டபோது நடந்ததைச் சொன்னேன். எனக்கு முன்னால் இரண்டு ஆண் குழந்தைகளைப் பறிகொடுத்தவள் அவள். என்னையாவது எமன் விட்டுவைக்கட்டும் என்று குப்பையில் கிடத்தி எடுத்து, குப்புசாமி என்று பெயர் வைத்தாள்.

“ஏனுங்க சாமி, செத்த கொழந்த பேர இன்னொண்ணுக்கு வெச்சா, தன்னையத்தான் கூப்புடறாங்கன்னு அது வருமுங்க. பாவம், அதுக்கென்ன தெரியும்? அது பேர அதுக்கே குடுத்துப்போடுங்க” என்றாள்.

இங்கிலீஷில் சொன்னேன். எப்படிக் கொடுப்பது என்று கேட்டார்.

“கல்லுல எழுதி வெய்யுங்க. அப்பறம் ஆரு அந்தப் பேரச் சொன்னாலும் நீங்க திரும்பாதீங்க.”

அவர் தங்கைக்கு எழுதினார். கல்லறையில் சின்னக் கல் ஒன்று நட்டுப் படம் அனுப்பினார் தங்கை. தன் பெயர் பொறித்த அந்தக் கல்லின் படத்தை இவர் மேசையிலேயே வைத்திருந்தார். அன்றுமுதல் சான்சூசி என்றே கையெழுத்திட்டார். தொரை பெயரை மாற்றிவிட்டார் என்று நீங்கள் சிரித்தது இதற்குத்தான். அதன்பின் மூடுபனியில் ஏதாவது கேட்டதா என்று ஒருமுறை விசாரித்தேன். “கூப்பிட்டுப் பார்க்காதே” என்று மட்டும் சொன்னார்.

அவர் ஊருக்குத் திரும்பிய பிறகு, எனக்கு முன் பிறந்த இருவரின் பெயர்களை அம்மாவிடம் கேட்டேன். அவர் வராமலிருந்தால் எனக்குக் கேட்கத் தோன்றியிருக்காது. தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தி, ஒரே ஒருமுறை, காதோடு சொன்னாள். பிறகு என் தோளுக்குப் பின்னால் வாசலையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“போதுங்கண்ணு, இனிமே கேக்காத.”

அந்த இரண்டு பெயர்களும் எனக்கு அவரால் கிடைத்தவை. எங்கும் எழுதி வைக்கவில்லை. சத்தமாகவும் சொன்னதில்லை.