நாய்க்குக் கேட்ட மருந்து

அறுபதுகளின் கடைசியில் என் வீட்டுக்காரர் விருத்தாசலத்தில் பீங்கான் சூளையில் வேலை பார்த்தார். கல்யாணமாகி இரண்டாம் வருஷம் அவருக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. தினமும் ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னார் டாக்டர். ஊசி ஆரம்பித்தால் ஆள் தேறமாட்டான் என்பது என் மாமியாரின் நினைப்பு. மாமியாரின் தம்பி கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து ஒரு சாம்பல் நிறப் பொடி கொண்டுவந்தார்.

"மொதல்ல ஒங்க வூட்டு நாய்க்குக் குடுத்துப் பாருக்கா. அதுக்கும் இதே சீக்குதான்" என்றார்.

எங்கள் நாய்க்கும் அப்போது அடங்காத தாகம். எலும்பு தெரிய மெலிந்துவிட்டது. அது மூத்திரம் பெய்த இடத்தில் எறும்பு மொய்க்கும். சூளையில் கழித்த தட்டுகள் எல்லார் வீட்டிலும் கிடக்கும். ஒரு வெள்ளைத் தட்டில் மகனுடைய மூத்திரத்தையும் இன்னொன்றில் நாயுடையதையும் மாமியார் கொல்லையில் வைப்பார். வெள்ளையில் எறும்பு நன்றாகத் தெரியும். நாய்க்குப் பின்னால் தட்டோடு திரிவது என் வேலை.

"என்னாடி, நாய்க்குப் பந்தி வைக்கிறியா?" என்று பக்கத்து வீட்டுக்காரி சிரிப்பாள்.

பொடி தின்றால் தண்ணீர் காட்டக்கூடாது, அதுதான் பத்தியம். கட்டிப்போட்ட நாய் ஈரச் சுவரை நக்கியது. கத்தினால் மாமியார் விறகுக்கட்டையால் அடித்தார். நான் மறைவாக ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்தேன். பார்த்துவிட்டார். நாயின் மூக்குக்கு நேரே அதைத் தரையில் ஊற்றினார்.

"தண்ணி வச்சி மருந்தக் கெடுக்கிறியே, எம் புள்ள சாவணுமா ஒனக்கு?"

கொஞ்ச நாளில் மூத்திரம் குறைந்தது. தட்டில் எறும்பும் வரவில்லை. மருந்து கேட்டுவிட்டது என்று தெருவெல்லாம் சொன்னார் மாமியார். நாயோ சோற்றை முகரக்கூட இல்லை. நாலு பேர் எதிரில் வாய் திறக்கக் கூசுகிறவள் நான். அன்றைக்குச் சொன்னேன்.

"அதுக்குக் காலெல்லாம் வீங்கியிருக்குதுங்க. வாயும் நாறுது."

"கட்டியே கெடந்தா வீங்காதா? ஒங்கப்பன் வூட்டுல நாய்க்கு நாடி பாத்தாங்களோ?"

என் வீட்டுக்காரரும் சிரித்தார். அதுதான் எனக்குத் தைத்தது.

அவர் பொடி தின்ன ஆரம்பித்த வாரமே நாய் செத்தது. ஆள் வைத்து அதை ஆற்றுப் பக்கம் இழுத்துப் போடச் செய்துவிட்டு, ஓடிப்போய்விட்டது என்று மகனிடம் சொன்னார் மாமியார்.

சோறு போடும்போது நான் சொன்னேன். "ஓடலிங்க, செத்துப்போச்சி. எங் கண்ணால பாத்தேன். அந்தப் பொடி வேணாங்க. ஆஸ்பத்திரிக்குப் போவலாம்."

"எங்கம்மா பொய் சொல்லுதா?" என்று கையை உதறிவிட்டு எழுந்தார்.

அனலில் நின்று வேலை செய்கிற மனுஷன். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அப்போதும் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிடுவார், விழுங்கமாட்டார். முதலில் முகம் வீங்கியது, அப்புறம் கால். மூச்சு இழுக்க ஆரம்பித்த பிறகுதான் பாண்டிச்சேரிக்கு வண்டி பிடித்தார்கள்.

அங்கே டாக்டர் அவர் காலை விரலால் அழுத்தினார். குழி அப்படியே நின்றது. மூத்திரம் எப்படிப் போகிறது என்று கேட்டார்.

மாமியார் முந்திக்கொண்டார். "அதெல்லாம் இப்ப ரொம்பக் கொறஞ்சிடுச்சி சாமி. எந் தம்பி குடுத்த பொடி நல்லாக் கேக்குது."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "கூட ஆம்பளைங்க யாராவது வந்திருக்காங்களாம்மா?"

ஆள் பிழைக்கமாட்டார் என்றால்தான் அப்படிக் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

"நான் பெத்தவ இருக்கேன்ல, எங்கிட்டச் சொல்லுங்க" என்றார் மாமியார்.