அவருக்குச் சேராத சாயம்

மகளுக்குப் பரிசம் போடுவதற்கு முந்தைய நாள், என் கணவரின் நரைத்த தலைக்குக் கறுப்புச் சாயம் கலந்தேன்.

"போன தடவையே காதோரம் அரிச்சுச்சு, வேணாம்," என்றார்.

"சம்பந்தி வீட்டு ஆளுக முன்னால கெழவனாட்டம் உக்காரப் போறீகளா? இது மூலிகைச் சாயம், ஒண்ணும் செய்யாது." பாக்கெட்டின் பின்னால் இருந்த பொடி எழுத்தை நான் படிக்கவே இல்லை.

விடிந்தபோது அவர் முகம் வீங்கி, இரண்டு கண்களும் மூடிக் கிடந்தன. காரைக்குடியில் டாக்டரம்மா ஊசி போட்டார். "ஒரு தடவை அரிச்சாலே விட்டுறணும்மா. கறுப்பாக்குற மருந்து மூலிகைன்னு போட்ட பாக்கெட்லயும் இருக்கும்," என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் உள்ளறையில் படுத்துக்கொண்டார். "இந்த மூஞ்சியோட சபைக்கு வரமாட்டேன். என் தம்பியத் தட்டு மாத்தச் சொல்லு. புள்ள கேட்டா சலூன்ல போட்டதுன்னு சொல்லிக்கிருவோம்."

கொழுந்தனார் தட்டு மாற்றினார். நான் எல்லோருக்கும் சந்தனம் நீட்டினேன், சிரித்தேன். அழுகைகூட வரவில்லை.

வீக்கம் சில நாளில் வடிந்தது. அவர் ஒரு நாளும் சொல்லிக்காட்டவில்லை. சேராது என்று யார் சொன்னாலும் இப்போது நான் மறுபேச்சுப் பேசுவதில்லை. ஆனால் மகள் இன்றும் அந்தச் சலூன்காரரைத்தான் திட்டுகிறாள். நான் கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.