சுவரில் ஒரு பனிமலை

அன்று வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர்: அம்மா, அப்பா, நான், தவணைப் பணம் கேட்டு வந்திருந்த படக்கடை பாய். இன்று எங்கள் உட்லண்ட்ஸ் அடுக்குமாடி புளோக்கில் சாயம் அடிக்கிறார்கள். அந்த டர்பன்டைன் வாடை ஏறியதும், எப்போதோ இடித்துத் தள்ளிவிட்ட குவீன்ஸ்டவுன் வீடும், அதன் சுவரில் அப்போது தவணையில் வாங்கி மாட்டியிருந்த எண்ணெய்ச் சாயப் படமும் ஞாபகத்துக்கு வந்துவிட்டன.

படத்தில் ஒரு பனிமலை, ஏரி, கரையில் ஒரு மரவீடு. பனியை நாங்கள் யாரும் கண்டதில்லை; ஆனாலும் அம்மா வேலைவிட்டு வந்து, காற்றாடிக்குக் கீழே துணி மடித்தபடி, "அந்த வீட்டுல புழுக்கமே இருக்காதுல்ல" என்பாள். யாராவது கதவைத் தட்டினால், படத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று நான் அதன் முன்னால் போய் நின்றுகொள்வேன்.

அன்று பணம் இல்லை என்றதும் பாய் உண்மையாகவே அதைக் கழற்றிவிட்டார். அம்மா வெறும் சுவரைப் பார்த்தாள். தூக்கிக்கொண்டு வெளியே போனவர், ஒரு மாடி இறங்கி, மூச்சு வாங்கத் திரும்பி வந்தார்.

"லிப்ட் கெட்டுப்போச்சு லா. பத்து மாடி இதைத் தூக்கிட்டு இறங்க முடியாதும்மா. மாட்டிக்குங்க, அடுத்த மாசம் வரேன்."

"அடுத்த மாசமும் லிப்ட் இப்படித்தான் இருக்கும் பாய்," என்றார் அப்பா.

பாய் சிரித்தார். பிறகு அவர் வரவே இல்லை. தேக்கா பக்கம் இருந்த அவர் கடையும் மூடிப் போய்விட்டது. பாக்கியைக் கொடுக்க அவரை விசாரித்து விசாரித்து எனக்கும் அலுத்துவிட்டது. நல்ல ஓவியமா என்று சொல்ல என் படிப்பு போதாது. இந்த வீட்டுச் சுவரிலும் அம்மா அதை இன்னும் பார்த்து முடிக்கவில்லை என்பது மட்டும் தெரியும். பாய்க்குத் தரவேண்டிய பாக்கிப் பணம் நாற்பது வெள்ளி.