கங்காணியைக் குளிப்பாட்டியவர்

மலாயாவில் கோலா பிலாவுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்தபோது, அங்கே பறையடிப்பவர் ஒருவர் இருந்தார். கரிய, ஒடிசலான மனிதர். மாரியம்மன் திருவிழாவில் அவர் அடித்தால்தான் சாமி வரும். ஆனால் கோயில் வாசலை அவர் தாண்டக் கூடாது. அவர் சாதிக்கு அந்த உரிமை இல்லை என்று, தோட்டத் தொழிலாளர்களை மேற்பார்த்த பெரிய கங்காணி சொல்லியிருந்தார். கற்பூரம் காட்டும்போது வெளியே மண்ணில் நின்றே கும்பிடுவார்.

அந்தக் கங்காணி வாந்திபேதியில் இறந்தார். தொற்றுக்குப் பயந்து சொந்தச் சாதியாரே வீட்டை நெருங்கவில்லை. நானும் தள்ளித்தான் நின்றேன். பறையடிப்பவர் மட்டும் உள்ளே போய், உடலைக் கழுவி, வேட்டி கட்டி, நெற்றியில் திருநீறு பூசிவிட்டு வந்தார்.

"உன்னைக் கோயிலுக்குள்ளேயே விடாத ஆளாச்சே. அவருக்கா இதைச் செஞ்சே?" என்று கேட்டேன்.

"விடலதாங்க கிராணி ஐயா. ஆனா அவரு உடம்புக்குள்ளயும் அந்த ஆத்தாதானே குடியிருந்தா? அவ இருந்த எடத்தக் கழுவிவுட்டேன். இதுவும் கோயிலுதானுங்களே."

வேதாந்தம் படித்தவன் நான். என்னை அறியாமல் கைகூப்பினேன். அவர் பதறித் திரும்பி, தமக்குப் பின்னால் எந்தப் பெரியவர் வருகிறார் என்று பார்த்தார்.